தண்ணீர் ஒன்று சொல்லும், சேறு வேறொன்று சொல்லும்

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் இன்று வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் சொன்னால், தஞ்சாவூரில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கூட நிமிர்ந்து பார்ப்பார். அந்த எண் நமக்கு அத்துப்படி. அதே பிலிகுண்டுலுவில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பதோடு எப்படி வருகிறது என்பதையும் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. அந்த எண்களை எந்தச் செய்தியும் வாசிப்பதில்லை. வாசித்தாலும் நமக்கு என்ன புரியும் என்பது வேறு கேள்வி. பி.ஓ.டி. 4, டி.ஓ. 6.8, மின்கடத்துதிறன் 640 என்று ஒரு அட்டவணை கைக்கு வந்தால், பெரும்பாலானவர்கள் தேடுவது ஒன்றைத்தான்: நல்லதா, கெட்டதா?

அந்தக் கேள்விக்கு அட்டவணை பதில் சொல்லாது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த முறையில் எடுத்தது என்று தெரியாத எண் ஊமை. இன்னொன்றும் உண்டு. ஆற்றில் ஓடும் தண்ணீரும் அதன் அடியில் கிடக்கும் சேறும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஒன்றை அளந்துவிட்டு மற்றதைப் பற்றிப் பேசினால் தப்பாகப் போய்விடும். இதை விளக்க நொய்யலைவிடப் பொருத்தமான ஆறு எனக்குத் தெரிந்து இல்லை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேரும் ஆறு அது. சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் அதன் குறுக்கே ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர் மாவட்ட வயல்களுக்குப் பாசனம் தருவது நோக்கம். ஆனால் மேலே திருப்பூரில் பனியன் தொழில் வளர வளர, சாயப்பட்டறைகளின் கழிவு அந்த அணையில் வந்து தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே போராடினார்கள். வழக்குகள் நடந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை கதை பலருக்கும் தெரியும்.

இதில் அளவீடு எங்கே வருகிறது? முதல் குற்றவாளி உப்பு. பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் லேசான எதிர்மின் தன்மை அடைகிறது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயமும் எதிர்மின் தன்மை கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கித் துணியின் பக்கம் சாயத்தை அண்டவைக்கத்தான் சாயத்தொட்டியில் உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். துணியில் சாயம் நிற்கும், உப்பு நிற்காது. போட்ட உப்பு ஏறக்குறைய முழுவதும் அலசிய தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுச் சுத்திகரித்தால் நிறம் போகும், கரைந்த உப்பு அப்படியே இருக்கும். பார்வைக்குத் தெளிந்த தண்ணீர், வாயில் வைத்தால் கரிக்கும்.

உப்பை அளப்பது ஆக எளிது. மின்கடத்துதிறன் காட்டும் கருவியைத் தண்ணீரில் வைத்தால் போதும், சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமன்ஸ் என்று காட்டிவிடும். வீட்டில் ஆர்.ஓ. மாட்ட வருபவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் உண்மையில் மின்கடத்துதிறனைத்தான் அளக்கிறது. ஒரு காரணியால் பெருக்கி, அதை டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் திடப்பொருளின் மொத்த அளவு என்று திரையில் காட்டுகிறது. அந்தக் காரணி பொதுவாக 0.55-இலிருந்து 0.7-க்குள் இருக்கும். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. தொழிற்சாலைக் கழிவை ஆற்றில் விட வைத்த வரம்பு 2100. பாசன நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் மின்கடத்துதிறன் வரம்பு 2250 மைக்ரோசீமன்ஸ். மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில்கள். குடிக்கலாமா, விடலாமா, பாய்ச்சலாமா. டி.டி.எஸ். 1900 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் வரம்புக்குள் இருக்கிறது என்றும் இன்னொருவர் நாலு மடங்கு அதிகம் என்றும் சொன்னால், இருவரும் பொய் சொல்லவில்லை. வேறு வேறு கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்போது ஒரு வேடிக்கை. நம் நாட்டில் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளை வரிசைப்படுத்துவது பி.ஓ.டி.யை வைத்து. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் முதல் முன்னுரிமை, 3-க்கும் 6-க்கும் நடுவில் என்றால் ஐந்தாவது. பி.ஓ.டி. என்பது தண்ணீரில் இருக்கும் அழுகும் பொருளைத் தின்ன நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன என்ற கணக்கு. நம் ஊரில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்கள், பல நாடுகளில் 20 டிகிரியில் ஐந்து நாள். சாக்கடைத் தண்ணீருக்கு அருமையான அளவுகோல். உப்பை நுண்ணுயிர் தின்னாது. ஆகவே உப்பால் செத்துக்கொண்டிருக்கும் ஆறு இந்த வரிசையில் நல்ல பிள்ளையாக நிற்க முடியும். அதோடு சாயக்கழிவில் நுண்ணுயிரைக் கொல்லும் பொருள் இருந்தால், தின்ன ஆளில்லாமல் பி.ஓ.டி. இன்னும் குறைந்து காட்டும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. நுண்ணுயிரை நம்பாமல் வேதிப்பொருளால் எரித்துப் பார்க்கும் சி.ஓ.டி.யைப் பக்கத்தில் வையுங்கள். சி.ஓ.டி. எக்கச்சக்கம், பி.ஓ.டி. கொஞ்சூண்டு என்றால் அந்தத் தண்ணீரில் நுண்ணுயிரால் தின்ன முடியாத சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

அட்டவணையில் எனக்கு எப்போதும் சந்தேகம் வரும் எண் டி.ஓ., அதாவது கரைந்த ஆக்சிஜன். 4-க்கு மேல் இருந்தால் மீன் பிழைக்கும், 6-க்கு மேல் இருந்தால் கிருமிநீக்கம் மட்டும் செய்து குடிக்கத் தக்க முதல் வகுப்புக்கு ஒரு தகுதி என்று வகுத்திருக்கிறார்கள். எண் கூடக் கூட நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தண்ணீர் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனுக்கு ஓர் எல்லை உண்டு. 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், நம் ஊர் வெயிலில் 30 டிகிரி ஆகிவிட்டால் ஏழரைதான். அப்படியிருக்க மதியம் இரண்டு மணிக்கு எடுத்த தண்ணீரில் டி.ஓ. 12 என்று வந்தால் அது சந்தோஷப்பட வேண்டிய சேதி இல்லை. பாசி மண்டிக் கிடக்கிறது என்று பொருள். பகலில் வெயிலை வாங்கி அந்தப் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவு வந்ததும் அதே பாசி ஆக்சிஜனை இழுக்கத் தொடங்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் அளந்தால் 2 கூட வராமல் போகலாம். ஏரியில் மீன்கள் செத்து மிதப்பதை ஊர்க்காரர்கள் பெரும்பாலும் காலையில்தான் பார்க்கிறார்கள். அலுவலக நேரத்தில் பதினொரு மணிக்கு வந்து மாதிரி எடுப்பவர் அந்த விடியற்காலையை ஒருநாளும் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு புட்டி. பன்னிரண்டும் பகல் புட்டி.

அதனால்தான் நேரம் எழுதாத டி.ஓ. எண்ணை நான் நம்புவதில்லை. தண்ணீரின் வெப்பமும் வேண்டும். டி.ஓ. எண்ணும் வெப்பமும் இருந்தால் பூரிதத்தில், அதாவது அந்த வெப்பத்தில் தண்ணீர் எடுத்துக்கொள்ளக்கூடிய எல்லையில், எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மாதிரி எடுக்கும் வேலையைப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும், ஆனால் பாதித் தப்பு அங்கேதான் நடக்கிறது. கரையோரத்தில் குனிந்து மேலாக மொள்ளக் கூடாது. நடு ஓட்டத்தில், மேற்பரப்புக்கு முப்பது சென்டிமீட்டர் கீழே, புட்டியின் வாய் நீரோட்டத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். புட்டியை அதே ஆற்று நீரால் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். கிருமிச் சோதனைக்கான புட்டியை மட்டும் அலசக் கூடாது, அது ஏற்கெனவே கிருமி நீக்கியது. எண்ணெய்ப் பிசுக்கு பார்க்க எடுக்கும் கண்ணாடிப் புட்டியையும் அலசக் கூடாது, பிசுக்கு சுவரில் ஒட்டி எண் கூடிவிடும். உலோகத்துக்கு எடுத்ததில் உடனே நைட்ரிக் அமிலம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் புட்டியின் சுவரில் படிந்துவிடும். டி.ஓ.வுக்கு எடுத்த புட்டியில் அங்கேயே மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு ஆக்சிஜனைப் பழுப்பு வீழ்படிவாகக் கட்டிப்போட வேண்டும். மற்றதெல்லாம் ஐஸ் பெட்டிக்குள். ஐஸ் உருகி, வண்டி வழியில் டீக்கு நின்று, சாயங்காலம் ஆய்வகம் சேர்ந்தால், சோதனை எவ்வளவு நவீனமாக இருந்தும் பயன் இல்லை. புட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர் நமக்காகக் காத்திருக்காது.

அப்புறம் அந்த மூன்றெழுத்து, பி.டி.எல். கண்டறியும் எல்லைக்குக் கீழே. இதைப் படித்ததும் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறோம். குடிநீரில் ஈயத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆய்வகத்தின் கருவி 0.05-க்குக் கீழே பார்க்கவே முடியாதது என்று வைத்துக்கொள்வோம். வரம்பைப்போல நான்கு மடங்கு ஈயம் இருந்தாலும் அறிக்கையில் பி.டி.எல். என்றுதான் வரும். எந்த எல்லை என்று எண்ணால் எழுதாத பி.டி.எல்., பார்க்கவில்லை என்பதற்குச் சமம். உலோகம் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்துவிட்டு அளந்ததா, வடிக்காமல் கலங்கலோடு அளந்ததா? வெள்ளக் காலத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் வரும்.

பிலிகுண்டுலுவின் கன அடிக்கு இங்கே திரும்ப வேண்டும். செறிவு மட்டும் போதாது, ஓட்டமும் வேண்டும். கோடையில் வினாடிக்கு 10 கன அடி ஓடும்போது டி.டி.எஸ். 1000 என்றால், ஒரு நாளில் அந்த இடத்தைக் கடக்கும் உப்பு ஏறக்குறைய இருபத்து நாலரை டன். மழை வந்து 100 கன அடி ஓடி டி.டி.எஸ். 200 ஆகக் குறைந்தால், ஆறு சுத்தமாகிவிட்டது என்பார்கள். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு நாற்பத்தொன்பது டன். கீழே உள்ள அணைக்குப் போய்ச் சேர்வது இரண்டு மடங்கு. நொய்யலில் எழுநூத்திமங்கலத்தில் மத்திய நீர் ஆணையம் ஓட்டத்தை அளக்க நிலையம் வைத்திருக்கிறது. இப்படி ஓட்டமும் தரமும் ஒரே இடத்தில், ஒரே நாளில் அளக்கப்பட்டிருந்தால் அந்தத் தரவு தங்கம்.

சரி, தண்ணீர் இத்தோடு இருக்கட்டும். சேற்றுக்கு வருவோம்.

உப்பு தண்ணீரோடு வந்து தண்ணீரோடு போகும், இல்லையென்றால் கிணற்றுக்குள் இறங்கும். உலோகங்களின் குணம் வேறு. குரோமியம், ஈயம், தாமிரம், துத்தநாகம் எல்லாம் களிமண் துகள், இரும்புத் துரு, மக்கிய இலைதழை இவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். இன்று ஆற்றில் மொண்ட தண்ணீரில் ஈயம் இல்லை என்பதால் அந்த ஆற்றில் ஈயம் இல்லை என்று ஆகாது. அது அடியில் உட்கார்ந்திருக்கலாம். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் நடந்தது இதுதான். அங்கே நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956-இல். பாதரசக் கழிவு நின்றது 1968-இல். ஆனால் அடிச்சேற்றில் பாதரசம் அப்படியே கிடந்தது. கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்த சேற்றை எடுத்தும், புதைத்தும், 58 ஹெக்டேர் கடலை நிலமாக மேடாக்கியும் வேலை முடிய 1990 ஆனது.

சேற்றை அளக்கும்போது அலகே மாறிவிடும். லிட்டருக்கு இல்லை, உலர்ந்த ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம். இந்த ‘உலர்ந்த’ என்பதை விட்டுவிட்டால் எண் பாதியாகக்கூடக் குறையும், சேற்றில் தண்ணீர் அவ்வளவு இருக்கும். பாதரசம் பார்ப்பதென்றால் அடுப்பு வெப்பத்தில் உலர்த்தவும் கூடாது, ஆவியாகிவிடும். கரைக்கும் அமிலத்தைப் பொறுத்தும் எண் மாறும். ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்தால் துகளின் மேல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வந்துவிடும், பாறையின் உள்ளே பூட்டியிருப்பது முழுதாக வராது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பாறையையே கரைத்துவிடும். ஒரு ஆய்வு இப்படி, இன்னொன்று அப்படி என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘பத்து வருஷத்தில் குரோமியம் கூடிவிட்டது’ என்று எழுதக் கூடாது. எழுதுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் துகளின் பருமன். உலோகம் ஒட்டுவது பரப்பில். மணலுக்குப் பரப்பு கம்மி, களிக்குப் பரப்பு மிக அதிகம். ஓட்டம் வேகமாக உள்ள இடத்தில் மணல் தங்கும், அணைக்குப் பின்னால் தண்ணீர் தூங்கும் இடத்தில் களி படியும். ஆலைக்கு அருகே மணற்பாங்கான இடத்தில் எடுத்த மாதிரியில் ஈயம் 15, இருபது மைல் தள்ளி அணையின் களியில் 60 என்று வந்தால், மாசு அணையருகே அதிகம் என்று முடிவு கட்டுவது அவசரம். இரண்டையும் சலித்து 63 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட நுண்துகளை மட்டும் எடுத்து அளந்தால் படம் தலைகீழாகலாம். அது முடியாவிட்டால், களி கூடினால் தானும் கூடும் அலுமினியத்தையோ இரும்பையோ கூடவே அளந்து விகிதம் பார்ப்பார்கள். துகள் பருமன் எழுதாத சேற்று அறிக்கை, நேரம் எழுதாத டி.ஓ. போலத்தான்.

அடுத்து, இயற்கையாகவே அங்கே எவ்வளவு இருந்தது என்ற கேள்வி. வட அமெரிக்கத் தரவுகளைத் தொகுத்து 2000-இல் வெளியான நன்னீர்ச் சேற்று வழிகாட்டி எண்களை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். குரோமியத்துக்குக் கீழ்க் கோடு 43.4, மேல் கோடு 111. கீழ்க் கோட்டுக்குள் இருந்தால் அடியில் வாழும் புழு பூச்சிகளுக்குக் கெடுதல் வருவது அரிது, மேல் கோட்டைத் தாண்டினால் வர வாய்ப்பு அதிகம். நடுவில் இருந்தால் எண்ணை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது. இது புழுக்களுக்கான கோடு, நம் குடிநீருக்கானது இல்லை. இப்போது இதைப் பாருங்கள்: களிப்பாறையில் குரோமியத்தின் உலகச் சராசரியே 90. அதாவது எந்த ஆலையும் இல்லாத ஊரின் களியும் கீழ்க் கோட்டைத் தாண்டிவிடும். நம் பக்கம் இன்னும் மோசம். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையில் குரோமியத் தாதுவே உண்டு (நிலா மண்ணைப்போல ஒரு மண்ணைத் தயாரிக்க இஸ்ரோ தேடி வந்த அதே பாறைத் தொகுதி). அந்தப் பக்கத்து ஓடைகள் காவிரிக்குக் கொண்டுவரும் மண்ணில் குரோமியம் கூடுதலாக இருந்தால், அதற்குத் தோல் தொழிற்சாலையையோ சாயப்பட்டறையையோ உடனே கைகாட்ட முடியாது. இதையே சாக்காக வைத்து உண்மையான கழிவை ‘இயற்கை’ என்று தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஆலைகளுக்கு மேலே, அதே பாறை நிலத்தில், ஒப்பிட ஒரு இடம். திருச்சிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று காவிரியில் நிலையங்களை ஜோடியாக வைத்திருப்பதன் தர்க்கமும் இதுதான்.

இன்னொரு வழி ஆழத்தில் தேடுவது. குழாயைச் சேற்றில் செங்குத்தாக இறக்கி, முழுசாக உருவி, தோசை அடுக்குபோல மெல்லிய வட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றையும் அளக்கலாம். கீழே போகப் போகப் பழைய காலம். வயதைக் கண்டுபிடிக்க 22 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகத் தேயும் கதிரியக்க ஈயம்-210-ஐயும், அணுகுண்டுச் சோதனைகளால் 1963 வாக்கில் உச்சத்துக்குப் போன சீசியம்-137-ஐயும் பயன்படுத்துகிறார்கள். ஒரத்துப்பாளையத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. அணை 1992-இல் முடிந்தது, ஆகவே பழைய நிலத்துக்கு மேலே படிந்திருக்கும் சேறு ஏறக்குறைய முழுவதும் அதற்குப் பிந்தியது. அடியில் பழைய வயல் மண், அதன்மேல் பனியன் ஏற்றுமதி வளர்ந்த காலம், மேலே 2011-க்குப் பிந்திய அடுக்கு. யாரும் கிளறாத இடம் கிடைத்தால் மூன்று காலத்தையும் ஒரே குழாயில் பார்க்கலாம். தூர்வாரிய இடத்தில் அது கலைந்துபோயிருக்கும்.

சேற்றில் இருக்கும் உலோகம் நிரந்தரமாக அங்கேயே தூங்கும் என்றும் இல்லை. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் சேற்றில் சல்பைடு இருக்கிறது. அது ஈயம், தாமிரம், துத்தநாகத்தைக் கெட்டியாகப் பிடித்துவைக்கும். அதே சேற்றை வெளியே எடுத்துக் காற்றில் பரப்பினால் சல்பைடு ஆக்சிஜனோடு சேர்ந்து அமிலமாகும், உலோகம் விடுபடும். அணையின் ஆழத்தில் இன்னொன்று நடக்கும். அங்கே டி.ஓ. பூஜ்யத்துக்கு இறங்கினால் இரும்புத் துரு கரைந்து, அதில் ஒட்டியிருந்த பாஸ்பேட்டையும் உலோகங்களையும் தண்ணீருக்குள் விடும். முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில் மொண்ட புட்டிக்கு இது தெரியவே தெரியாது.

ஏரி வண்டலை அள்ளி வயலில் போடுவது நம் ஊரில் காலம்காலமாக உள்ள வழக்கம், அரசாங்கமும் அதற்கு அனுமதி தருகிறது. நல்ல ஏரி என்றால் அதைவிட நல்ல உரம் இல்லை. தொழிற்சாலைக் கழிவு வந்து படிந்த அணையின் சேறு என்றால் டிராக்டரைக் கொண்டுபோகும் முன்பு நாலு எண் கேட்டு வாங்க வேண்டும். சேற்றைத் தண்ணீரில் கலக்கி வடித்த சாற்றின் மின்கடத்துதிறன், அதில் மற்ற உப்புகளோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு, நுண்துகளில் உலோகம் எவ்வளவு, உலர்த்தி நாள்பட வைத்த பிறகு பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண், ஏழுக்குக் கீழே அமிலம்) எங்கே போய் நிற்கிறது. நாலாவது எண்ணைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. ஈரமாக இருக்கும்போது ஏழரை காட்டிய கறுப்புச் சேறு, வரப்பில் கொட்டி வெயில் பட்டபின் நாலுக்கு இறங்கிவிடக்கூடும்.